செக்ரட்டரிக்குப் படையல்

எங்கள் ஊரில் இப்போதெல்லாம் யாரும் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. செக்ரட்டரிதான் நிறுத்துகிறது. பாவ்யுன் வீட்டு ஆபீசில் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற செக்ரட்டரி. விற்க வந்த ஆள் அதற்கு நீளமாக ஏதோ பேர் சொன்னான். ஏ.ஐ. என்றான், வியாபார மென்பொருள் என்றான். முதலாளி ஜின்தாங்கின் முழியைப் பார்த்துவிட்டு, "ஒரு செக்ரட்டரி வெச்ச மாதிரி நெனச்சுக்கங்க சார், தூங்காது, லீவு கேக்காது" என்றான். ஊர் அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டது.

லுகாங் டவுனைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய்தான் தொழில். ஒரு வீட்டில் பித்தளையை உருக்கி வார்ப்பார்கள். அடுத்த வீட்டில் கடைசல். அதற்கும் அடுத்த வீட்டில் பாலிஷ் சக்கரம், ஊர்க்கோடியில் முலாம் பட்டறை. ஒரு குழாய் முழுக்குழாய் ஆவதற்குள் ஊரையே சுற்றி வந்துவிடும். அதைச் சுற்றிக் கொண்டுவருகிறவன் நான். என் வேனில் கூடை கூடையாகக் குழாய் போகும், கூடவே வம்பும் போகும். இரண்டுக்கும் கூலி ஒன்றுதான்.

ஜின்தாங்குக்கு வார்ப்பு தெரியும், தேநீர் போடத் தெரியும். மற்றதெல்லாம் அவன் பெண்டாட்டி பாவ்யுன்தான். எந்த ஆர்டர் எந்தத் தேதிக்கு, எந்தச் சரக்கை எந்தப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. காலையில் நான் வேனை நிறுத்தினால் ஜன்னல் வழியாகவே சொல்லுவாள், நான் ஏற்றிக்கொண்டு போவேன். பாலிஷுக்குப் போகிற கூடையில் பாதிக்கு மேல் அவளுடைய அண்ணன் தெங்வாங் வீட்டுக்குப் போகும். தெங்வாங் வீடுதான் பாவ்யுன் பிறந்த வீடு. அதற்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தெங்வாங்கின் மனைவி யூசியாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பிள்ளை குட்டி இல்லாத வீடு. குளிப்பாட்டுவதிலிருந்து சோறு ஊட்டுவது வரைக்கும் தெங்வாங்தான். சக்கரத்தில் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வரும். சக்கரத்தை நிறுத்திவிட்டு ஓடுவார். அவளைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து பிடிப்பார். விட்ட இடத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு அப்போது கண்ணுக்குத் தெரியாது, முலாம் பூசிய பிறகுதான் பல்லை இளிக்கும். முலாம் பட்டறைக்காரன் திட்டிக்கொண்டே கூடையைத் திருப்பித் தருவான். நான் அதைப் பாவ்யுனிடம் கொண்டுபோய் வைப்பேன். அவள் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள்.

அண்ணனிடமும் சொன்னதில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. ஒருவனை வேண்டாம் என்று வாயால் சொல்லுகிற துணிச்சல் இங்கே எந்த முதலாளிக்கும் கிடையாது. அந்தக் காலத்தில் வருடக் கடைசி விருந்தில் முழுக் கோழியை வைப்பார்கள். கோழித் தலை யார் பக்கம் திரும்பியிருக்கிறதோ அவன் புரிந்துகொண்டு புத்தாண்டுக்குப் பிறகு வர மாட்டான். முதலாளி சிரித்துக்கொண்டே பீர் ஊற்றுவார். பழி கோழிக்கு.

பாவ்யுனின் மகள் பெய்சென்தான் தாய்ச்சுங் நகரத்தில் பார்த்த வேலையை விட்டு வந்து இந்தச் செக்ரட்டரியை ஆபீசுக்குள் கொண்டுவந்தவள். அது வந்தபிறகு வேலை சுலபமானது நிஜம். வெளிநாட்டுக்காரன் ராத்திரியில் அனுப்புகிற ஆர்டரை அது படித்து, பிரித்து, காலையில் யாருக்கு எத்தனை கூடை என்று தயாராக வைத்திருக்கும். பட்டறைக்காரர்களுக்கு மெசேஜ் எழுதும். பாவ்யுன் எழுதினால் 'சீக்கிரம் குடு' என்று இரண்டு சொல் வரும். அது எழுதினால் தட்பவெப்பம் விசாரித்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் சீக்கிரம் குடு என்று கேட்கும்.

கடல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிற மாதம். வேனிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தேன். தெங்வாங் பட்டறையிலிருந்து வெளியே வந்தார். முகம் முழுக்கக் கருந்தூசி, கண்ணாடி போட்டிருந்த இடம் மட்டும் வெள்ளை. போனை என்னிடம் நீட்டினார்.

"டேய் ஷெங், இத வாசி."

"உனக்கு வாசிக்கத் தெரியாதாண்ணே?"

"நான் வாசிச்சுட்டேன். நீ வாசி, உனக்கும் அதேதான் வருதான்னு பாப்போம்."

வாசித்தேன். 'மதிப்புக்குரிய திரு. ஹுவாங் தெங்வாங் அவர்களுக்கு, குளிர் கடுமையாக இருக்கும் இந்நாளில் தாங்கள் நலமென நம்புகிறோம். தங்களின் நீண்ட கால ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. ஆண்டிறுதி மதிப்பீட்டின்படி, புத்தாண்டு விடுமுறைக்குப் பின் தங்களுக்கு வேலை ஒதுக்க இயலாத நிலையில் இருக்கிறோம். தங்கள் குடும்பத்தின் நலத்துக்கு எங்கள் வாழ்த்துகள்.'

"யாருடா அது, திரு. ஹுவாங் தெங்வாங் அவர்கள்?"

"நீதாண்ணே."

"என் தங்கச்சி என்னை இப்படிக் கூப்பிடுவாளா? அவ நடக்கப் பழகுனதே என் முதுகப் பிடிச்சுத்தான். திருவாம், அவர்களாம்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "வண்டிய எடு. போய்க் கேட்டுட்டு வந்துருவோம். யூசியா தூங்குறா, அவ முழிக்கறதுக்குள்ள வந்துரணும்."

ஆபீசில் மூன்று பேரும் இருந்தார்கள். அண்ணனைப் பார்த்ததும் பாவ்யுன் எழுந்து நின்றாள். வீட்டுக்கு வந்தவரை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"என்ன பாவ்யுன் இது? நான் எதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

பாவ்யுனின் கை கம்ப்யூட்டர் பக்கம் போனது. "அண்ணே, அது… அது செக்ரட்டரி பண்ணது. வருசக் கடைசில அதுவாப் பாத்து அதுவா அனுப்பிருச்சு. நான் பாக்கவே இல்ல."

பெய்சென் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். ஜின்தாங் ஏற்கெனவே நிறைந்திருந்த கோப்பையில் மேலும் தேநீர் ஊற்றினான். அது வழிந்து மேசையில் ஓடியது.

தெங்வாங்குக்கு முகம் தெளிந்துவிட்டது. "நான் சொல்லல? டேய் ஷெங், வர்றப்ப நான் சொல்லல, இது அவ எழுத்தே இல்லன்னு?" அந்த வார்த்தையில் அவர் சொல்லவில்லை, ஆனாலும் நான் தலையாட்டினேன். "சரிம்மா, அதுகிட்டச் சொல்லி மாத்திரு."

"சொல்லிப் பாக்குறேண்ணே. அது லேசுல கேக்காது."

"கேக்காதா? யாருடா அது, அவ்வளவு பெரிய ஆளு?" என்று தெங்வாங் எட்டிப் பார்த்தார். திரையில் வெள்ளையாக ஒரு கட்டம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துக் கொஞ்சம் பயந்த மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் முலாம் பட்டறைக்குப் போகும்போது பெய்சென் வேனில் ஏறிக்கொண்டாள். அங்கே அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

"ஷெங் மாமா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"அப்ப சொல்லாத. என் வாய் உனக்குத் தெரியும்."

"பெரிய மாமாவச் செக்ரட்டரி நிறுத்தல."

"பின்ன?"

"அதுக்கு யாரையும் நிறுத்துற அதிகாரமே கெடையாது. வருசக் கடைசில யார் சரக்கு எப்படி வந்துச்சுன்னு பாக்கும். பாத்துட்டு, இவங்கள வெச்சுக்கலாமா, விடலாமான்னு கேக்கும். மெசேஜ் எழுதிக் காட்டும். நாம சரின்னு அமுக்குனாத்தான் போகும். அமுக்கலன்னா வருசம் பூரா அங்கேயே கெடக்கும்."

"அப்ப அமுக்கினது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயலில் வெட்டிப்போட்ட நெல்தாள்மேல் மணல் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுகூடப் பரவால்ல மாமா. பெரிய மாமா பேரு வந்தப்ப அது என்ன கேட்டுச்சு தெரியுமா? 'இவர் பல வருசம் ஒழுங்கா வேலை குடுத்தவர், ரெண்டு வருசமாத்தான் இப்படி இருக்கு, அவர் பக்கம் ஏதாவது மாறியிருக்கா? காரணம் இருந்தா எழுதுங்க. முடிவு எடுக்கறதுக்கு முன்னால நேர்ல ஒரு தடவை பேசறது நல்லது'ன்னு கேட்டுச்சு."

"செக்ரட்டரியா கேட்டுச்சு?"

"செக்ரட்டரிதான். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். 'அம்மா, அத்தை படுத்திருக்கறத எழுதும்மா'ன்னேன். 'குடும்ப விசயத்தக் கம்ப்யூட்டர்ல எழுதுவாங்களா'ன்னாங்க. 'காரணம் எதுவும் இல்லை'ன்னு அடிச்சாங்க. அப்புறம் அமுக்கினாங்க."

எனக்கு வண்டியை ஓட்டவே பிடிக்கவில்லை. "ஏம்மா, அதுக்கு அப்ப மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"மனசெல்லாம் இல்ல மாமா. சரக்கு எப்ப கெட ஆரம்பிச்சுதுன்னு அதுக்குத் தெரியும், ஏன் கெட்டுச்சுன்னு தெரியாது. தெரியலன்னா கேக்கும்படி பண்ணியிருக்காங்க. நாம சொன்னா அத வெச்சு யோசிக்கும். சின்ன உருப்படியா, அவசரமில்லாததா அவருக்குப் பிரிச்சுக் குடுக்கலாம்னு வழி சொல்லியிருந்தாலும் சொல்லியிருக்கும். நாம இல்லன்னு சொன்னா, அதுக்கு யூசியா அத்தைன்னு ஒரு ஆளே உலகத்துல கெடையாது."

அவள் இறங்கிப்போன பிறகு நான் வெகுநேரம் யோசித்தேன். பாவ்யுன் கெட்டவள் இல்லை. யூசியா விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் தரையில் படுத்தவள் அவள். ரிஜெக்ட் ஆன கூடைகளை இரண்டு வருடம் வாயைத் திறக்காமல் விழுங்கியவளும் அவள்தான். வாங்குகிறவன் பக்கமிருந்து நெருக்கடி வந்தது, அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை, பொத்தான் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஆனால் உண்மை தெரிந்தால் தெங்வாங் வாசலை அவள் எந்த முகத்தோடு மிதிப்பாள்? அப்பா அம்மா போன பிறகு, எங்கள் வழக்கப்படி புத்தாண்டின் இரண்டாம் நாள் கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு அவளுக்கு இருப்பது அந்த ஒரு வீடுதான். அந்த வீடு போய்விடக் கூடாது என்றுதான் அந்தப் பொய். அது எனக்குப் புரிந்தது. புரிந்த அளவுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? ஆகியூ கடையில் காலையில் நூடுல்ஸ் கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் இதே பேச்சு.

"கூடப் பொறந்தவன்னு பாக்காம தூக்கிருச்சாமே," என்றான் கடைசல்காரன்.

"அதுக்கு ஏதுடா கூடப் பொறந்தது? அது பொறந்ததே பெட்டியில," என்றாள் ஆகியூ, கஞ்சியில் கொத்தமல்லியைத் தூவிக்கொண்டே.

"இனிமே விருந்துக்குக் கோழி வேண்டாம். கம்ப்யூட்டரத் தூக்கி மேசை மேல வெச்சு யார் பக்கம் திரும்புதுன்னு பாத்துக்கலாம்."

"பாவம் பாவ்யுன். அவ என்ன பண்ணுவா, அண்ணனுக்கும் அதுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா."

நான் கஞ்சியிலேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

"எங்க மச்சான் சிஞ்சுல சிப் தொழிற்சாலைல இருக்கான்," என்றான் முலாம் பட்டறைக்காரன். "அங்கெல்லாம் மெசின் அடம்பிடிச்சா என்ன பண்ணுவாங்க? பச்சைப் பொட்டலம் வெப்பாங்க. படிச்ச எஞ்சினியரே வெக்கிறான். தெங்வாங் வெச்சுப் பாக்கட்டுமே."

எல்லாக் கடையிலும் தொங்குகிற தேங்காய் வாசனைச் சோளப்பொரிப் பொட்டலம்தான். அதன் பேரே 'சமத்து சமத்து' என்று வரும். மெசின் மேல் வைத்தால் மெசின் சமத்தாக இருக்கும் என்பது எங்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரியும். பச்சைதான் வைக்க வேண்டும், மஞ்சள் வைத்தால் மெசின் இன்னும் சண்டித்தனம் பண்ணும். கெடு தேதி தாண்டியிருக்கக் கூடாது. ஜின்தாங்கின் உலைக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. முலாம்காரன் பாதி கிண்டலாகத்தான் சொன்னான். அது தெங்வாங் காதுக்குப் போகும்போது கிண்டல் கழன்றுவிட்டது.

வருடத்தின் கடைசிப் படையல் நாள். பட்டறைக்குப் பட்டறை வாசலில் மேசை போட்டு, கோழி, பன்றிக்கறி, மீன், பழம், பீர் எல்லாம் வைத்திருந்தார்கள். இரும்பு டிரம்மில் சாமிக்கான காகிதப் பணம் எரிந்தது. காற்று சாம்பலைத் தூக்கிக்கொண்டுபோய் ஊர் முழுக்க அள்ளிப் போட்டது. நான் ஜின்தாங் வாசலில் விருந்துக்கான நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது தெங்வாங் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டு. தலையை நனைத்து வாரியிருந்தார். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் மட்டும் கருப்பு போகவில்லை. கையில் ஒரு பை.

நேராக ஆபீசுக்குள் போனார். "பாவ்யுன், அது இப்ப முழிச்சிருக்கா?"

"எது?"

"செக்ரட்டரி."

பாவ்யுன் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். தெங்வாங் பையிலிருந்து பச்சைப் பொட்டலங்களை எடுத்துத் திரைக்கு முன்னால் வரிசையாக வைத்தார். பக்கத்தில் ஆரஞ்சுப் பழம் வைத்தார். ஊதுவத்தியை எடுத்துவிட்டு, "உள்ள பத்த வெச்சா அதுக்கு ஆகாதோ" என்று கேட்டு, பற்றவைக்காமலே இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். குனிந்து கும்பிட்டார்.

"செக்ரட்டரி அம்மா, நான் ஹுவாங் தெங்வாங். இந்த வீட்டு அம்மாவோட அண்ணன். உங்க மேல எனக்குக் கோவம் ஒண்ணும் கெடையாது. என் சரக்குல கோடு விழுது. எனக்குத் தெரியும். யாரும் சொல்லல, ஆனாத் தெரியும். என் வீட்டுக்காரி படுத்த படுக்கையா இருக்கா. வலது கை வராது. நாந்தான் ஊட்டணும். நாந்தான் எடுத்துப் போடணும். நடுவுல நடுவுல சக்கரத்த நிறுத்த வேண்டியிருக்கு, அதான் கோடு. இத உங்ககிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்லாம உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம். இப்பச் சொல்லிட்டேன். கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க. என் தங்கச்சிய சங்கடப்படுத்தாதீங்க, அவ நல்லவ, நடுவுல கெடந்து தவிக்கிறா."

இன்னொரு தடவை குனிந்தார். பிறகு பாவ்யுனிடம் திரும்பி, "கேட்டிருக்கும்ல?" என்றார்.

"கேட்டிருக்கும்ணே," என்றாள்.

அவர் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கே உடம்பு கூசியது. பாவ்யுனுக்கு எப்படி இருந்திருக்கும்? கழுத்து வரை சிவந்துபோய், திரையைப் பார்க்காமல் அந்தப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெய்சென் மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மா, இப்பவாவது மாமா சொன்னத எழுதும்மா."

பாவ்யுன் எழுதினாள். அண்ணனுக்கு எப்போதும் போல வேலை கொடு என்று மட்டும் எழுதினாள். செக்ரட்டரி உடனே சரி என்றது. இத்தனை கூடை இந்தக் கெடுவுக்குள் அவரால் முடியுமா, குறைத்துத் தரட்டுமா என்றும் கேட்டதாம். வேண்டாம் என்றுவிட்டாள். குறைத்தால் அண்ணன் ஏன் என்று கேட்பாரே.

அன்று சாயங்காலம் தெங்வாங் என் வீட்டுச் சுவரைத் தட்டினார். "டேய் ஷெங், மெசேஜ் வந்துருச்சுடா. 'எப்போதும் போல தொடரலாம்'னு போட்டிருக்கு. கேட்டுருச்சுடா, நான் சொன்னத அது கேட்டுருச்சு." உள்ளேயிருந்து யூசியா குழறலாக ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. ஊர் முழுக்கச் செய்தி பரவியது. கடைசல்காரன் ஒரு பொட்டலத்தோடு வந்தான், அடுத்த வருடம் கூடைகள் கூட வேண்டும் என்று. முலாம்காரன் கெடுவை நீட்டித் தரச் சொல்லி ஒன்று வைத்தான். மகனுக்குப் பரீட்சை என்று பட்டறைக்கே சம்பந்தமில்லாத ஒருத்தி ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். வந்தவர்கள் எல்லாரும் செக்ரட்டரியைக் கும்பிட்டுவிட்டுப் பாவ்யுனிடமும் ஒரு தரம் தலைகுனிந்துவிட்டுப் போனார்கள், கோவில் பூசாரிக்குக் குனிகிற மாதிரி. மேசை பச்சையாக நிறைந்துவிட்டது. மெசினுக்குப் படைத்ததைத் தூக்கிப் போடவும் முடியாது, தின்னவும் கூடாது. "வெளிய 'செக்ரட்டரி கோவில்'னு ஒரு பலகை மாட்டிரலாம்," என்றான் ஜின்தாங். பாவ்யுன் அவனைப் பார்த்த பார்வையில் தேநீர்க் கெட்டிலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போய்விட்டான். பெய்சென் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள்.

தெங்வாங்கோ, செக்ரட்டரி தன்மேல் வைத்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்று விழுந்து விழுந்து உழைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் சக்கரம் ஓயவே இல்லை. அவசரத்தில் விரல் சக்கரத்தில் பட்டுத் தோல் உரிந்தது, துணி சுற்றிக்கொண்டு ஓட்டினார். கோடு முன்னைவிட அதிகமாகத்தான் விழுந்தது. திரும்பிவந்த கூடைகளைப் பாவ்யுன் உலைக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்தாள்.

புத்தாண்டின் இரண்டாம் நாள். ஊரில் ஒரு சக்கரமும் ஓடவில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் பிறந்த வீட்டுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி தூயெனுக்குப் பிறந்த வீடு வியட்நாமில். அதனால் ஒவ்வொரு வருடமும் அன்று தெங்வாங் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். "நீயும் இந்த வீட்டுப் பொண்ணுதான்" என்று தூயெனிடம் சொல்லுவார். அவளுக்குக் கண் கலங்கும், கலங்கிக்கொண்டே நன்றாகச் சாப்பிடுவாள்.

அவரே சமைத்திருந்தார். நல்லெண்ணெய்க் கோழிச் சாறு, சிப்பி வறுவல், முள்ளங்கிப் பணியாரம், கடுகுக்கீரையோடு கொதிக்கவைத்த பன்றிக்கறி. யூசியாவைத் தலையணை வைத்துச் சாய்த்து மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். அவளுக்குப் புதுச் சட்டை. ஒரு கரண்டி அவளுக்கு ஊட்டுவார், வாயைத் துடைத்துவிடுவார், அப்புறம் தன் கிண்ணத்தில் ஒரு வாய் எடுப்பார். பாவ்யுன் குனிந்த தலை நிமிரவில்லை. பெய்சென் அத்தையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வருசம் நம்ம வீட்டுக்கு ஒரு புது ஆளு வந்திருக்கணும்," என்றார் தெங்வாங், கோப்பையைத் தூக்கிக்கொண்டு.

"யாரு மச்சான்?" என்றான் ஜின்தாங்.

"செக்ரட்டரிதான். அதுக்கு ஒரு கிண்ணம் வெச்சிருக்கணும். சிரிக்காதீங்க. ரெண்டு வருசமா மனுசங்க யார்கிட்டயும் வாயத் தொறந்து சொன்னதில்ல. சொன்னா, இரக்கப்பட்டு வேலை குடுக்கறாங்கன்னு ஆயிரும்னு பயம். அதுகிட்டச் சொன்னேன், கேட்டுச்சு." துணி சுற்றிய கையால் கோழித் தொடையை எடுத்துப் பாவ்யுன் கிண்ணத்தில் வைத்தார். "நீ சாப்பிடு. எனக்காக அதுகிட்ட நீ எவ்வளவு மன்றாடியிருப்பேன்னு எனக்குத் தெரியும்."

பாவ்யுன் அந்தத் துணியையே பார்த்தாள். சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"நான் மன்றாடலண்ணே."

"சரி சரி, சாப்பிடு."

"அது அனுப்பல. நான் அனுப்புனேன். நாந்தான் அமுக்குனேன்."

தெங்வாங் சிரித்தபடியே இருந்தார். அவருக்கு இன்னும் உறைக்கவில்லை. "நீ பாக்கலன்னு சொன்னியே."

"பாத்தேன். பொய் சொன்னேன். இந்த வீட்டுக்கு வர முடியாமப் போயிருமேன்னு பொய் சொன்னேன். உங்ககிட்ட நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. அது மேல போட்டேன். எல்லாரும் நம்புனாங்க. நீங்க வந்து கும்பிட்டீங்க, அப்பவும் நான் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

தூயென் மேசைக்கு அடியில் என் தொடையை அழுத்தினாள். எழுந்து போய்விடலாம் என்கிறாளா, அசையாதே என்கிறாளா என்று தெரியவில்லை. தெங்வாங்கின் சிரிப்பு அவர் முகத்தை விட்டு எப்படிப் போகும் என்று தெரியாமல் அங்கேயே கிடந்தது. யூசியாதான் பேசினாள். வாய் கோணலாக, ஒவ்வொரு சொல்லாக.

"அது… ஒண்ணுமே… கேக்கலையா?"

"கேட்டுச்சு அண்ணி."

"என்னன்னு?"

பாவ்யுன் மகளைப் பார்த்தாள். பெய்சென் சொல்லிவிடுவாளோ என்று பார்த்தேன். பாவ்யுனே சொன்னாள்.

"அண்ணன் வீட்டுல ஏதாவது மாறியிருக்கா, எதாவது காரணம் இருக்கான்னு கேட்டுச்சு."

"நீ?"

"எதுவும் இல்லன்னு போட்டேன்."

யூசியா தன் வலது கையைப் பார்த்தாள். அது மடியில், அவர் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"அப்ப நான்?" என்றாள்.

தெங்வாங் கரண்டியை யூசியாவின் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு எழுந்தார். கோட்டு கூடப் போடாமல் வாசலுக்குப் போனார். ஜின்தாங் சிகரெட்டைத் தடவிக்கொண்டே பின்னால் போனான், வாசற்படியிலேயே நின்றுவிட்டான். வெளியே யார் வீட்டிலோ வெடி வெடித்தார்கள்.

பாவ்யுன் மெல்ல நகர்ந்து அண்ணன் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். சாற்றில் ஒரு துண்டுக் கறியை நசுக்கி, கரண்டியில் எடுத்து ஊதி, யூசியாவின் வாய்க்கு அருகில் கொண்டுபோனாள்.

"ஆறிப் போயிரும் அண்ணி. கொஞ்சம் வாங்கிக்கங்க."

யூசியா அவளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. வாயை மட்டும் மூடிக்கொண்டாள். கரண்டியிலிருந்து சாறு புதுச் சட்டையில் சொட்டியது.

"அவரு வரட்டும்," என்றாள்.

பாவ்யுன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. தெங்வாங் வெகுநேரம் உள்ளே வரவில்லை.